முதல் தாளில் விழுந்த சிவப்பு

அத்தியாயம் 6

"பையில இன்னாக்கா, பிரியாணியா?"

கோபி இப்படிக் கேட்டதும் விஜயகுமாரி மடியில் இருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஷூ தம்பி. அவரோடது. அவரு காலையிலயே செருப்போட கெளம்பி வந்துட்டாரு. விசாரணையில அப்படியே போய் நின்னா ஆபீசருங்க இன்னா நெனப்பாங்க? அதான் எடுத்துனு வந்தேன்."

"ஆம்பூர் பக்கத்துலேர்ந்து பையோட வந்து, உள்ள பிரியாணி இல்லன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"கோபி, டீ ஆறுது. வாய அதுல வை" என்றாள் குர்ஷித்.

வேலூரின் ஓரத்தில் இருந்த அந்த அரசுக் கிளை அச்சகத்துக்கு எதிர்த்தாற்போல, டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். குர்ஷித்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை குடிப்பானா, மணப்பெண்ணுக்கு ஏற்கனவே ஒரு நிச்சயம் ஆகி நின்றுபோயிருக்கிறதா என்று விசாரிப்பதில் தொடங்கிய தொழில். இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. கோபி அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவான், கம்ப்யூட்டர் பார்ப்பான், மீதி நேரமெல்லாம் பேசுவான். பேசினால்தான் தனக்கு மூளை ஓடும் என்பது அவன் கட்சி. மூளை ஓடாதபோதுதான் பேசுகிறான் என்பது குர்ஷித்தின் கட்சி.

விஷயம் இதுதான். அரசு எழுத்தர் தேர்வுக்கான கேள்வித்தாள் இந்த அச்சகத்தில்தான் அச்சானது. அதில் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், படமாக வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய தேர்வு வியாழக்கிழமையே செத்தது. அச்சில் வீணாகும் தாள்களைப் பொறுக்கி எடுத்துப் போய் அரைக்கிற வேலை பச்சையப்பனுடையது. அதனால் பழி அவர் தலையில் விழுந்தது. தாளை விற்றுவிட்டார் என்றார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னால் கடைசி விசாரணை. விற்றார் என்று எழுதிவிட்டால் வேலை போகும். அங்கிருந்து நேராகப் போலீஸ் வண்டி.

அந்தப் பச்சையப்பனின் மனைவிதான் விஜயகுமாரி. மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்ப்பவள்.

"விஜயா, ஒண்ணு கேக்கறேன். மனசுல வெச்சுக்காத" என்றாள் குர்ஷித். "வித்திருப்பாரா?"

"பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா அவரு எப்பவோ ஃபோர்மேன் ஆயிருப்பாருக்கா."

"சரி. அது போதும்."

"அக்கா, அவர இதுலேர்ந்து வெளிய கொண்டாந்துடுவீங்கல்ல? வூட்டுல ரெண்டு நாளா அடுப்பு பத்த வெக்கல. அவரு சாப்புட மாட்டேன்றாரு. எனக்கும் எறங்கல."

குர்ஷித் கடைசி வாய் டீயைக் குடித்தாள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தாள்.

*

அச்சகத்தின் மேற்பார்வையாளர் தனகோடி தன் ஆபீசைவிட மிஷின்களுக்குப் பக்கத்தில் நிற்பதையே விரும்புகிறவர். சட்டையில் மைக்கறை இல்லாத இடம் காலர் மட்டும்தான். விஜயகுமாரி கணவனைப் பார்க்கப் போக, அவர் மற்ற இருவரையும் மிஷின் கூடத்துக்கே கூட்டிப் போனார்.

"வருஷம் பூரா இங்க மிஷின் நிக்காதும்மா. வாராவாரம் கெஜட். ஏப்ரல் வந்தா பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரு. அப்புறம் ஆஸ்பத்திரி சீட்டு, தாலுகா ஆபீஸ் ஃபாரம். தேர்தல் வந்துட்டா வாக்காளர் பட்டியல், ஓட்டுச் சீட்டு. அக்டோபர்ல அடுத்த வருஷத்து காலண்டர எடுத்தோம்னா டிசம்பர் வரைக்கும் சிவப்பு மைதான். ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் நாங்க அடிச்சாத்தான் ஊருக்கு லீவு."

"உங்களுக்கு?" என்றான் கோபி.

"எங்களுக்கு அன்னிக்கு ஓவர்டைம்."

"கெஜட்ட யாராவது படிக்கறாங்களா சார்?"

"பேரு மாத்துனவன் படிப்பான்."

"அவனும் அவன் பேரு இருக்கற வரி மட்டும்தான படிப்பான்."

தனகோடி சிரித்தார். சிரித்த வேகத்திலேயே முகம் வாடிவிட்டது. "வருஷ முடிவுல அறிக்கை அனுப்புவோம் தம்பி. இத்தன கோடிப் பக்கம் அடிச்சோம், இத்தன டன் பேப்பர் ஓட்டுனோம்னு. போர்டுல கூட எழுதி வெப்பேன். இந்த வருஷம் எவனும் அந்தக் கோடியப் பத்திக் கேக்கப் போறதில்ல. ஒரே ஒரு பக்கத்தப் பத்தித்தான் கேப்பான்."

கூடத்தின் கோடியில் ஒரு இரும்புக் கதவு. அதற்குப் பின்னால்தான் கேள்வித்தாள் அச்சாகும் பகுதி. ஒவ்வொரு வருடமும் அந்த வேலை வந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே போன ஆட்கள் தேர்வு நடந்து முடியும்வரை வெளியே வர முடியாது. அங்கேயே படுக்கை, அங்கேயே குளியல். கைபேசி கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலிருந்து துணியும் சோறும் வரும். அழுக்குத் துணி திரும்பிப் போகும். எல்லாம் காவலாளி கைபட்டுத்தான்.

குர்ஷித் பையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்தாள். வாட்ஸப்பில் சுற்றிய பக்கத்தைப் பெரிதாக்கி எடுத்த பிரிண்ட்.

"சார், எழுத்துக்குப் பின்னாடி லேசா ஒரு ரோஸ் தெரியுது பாருங்க. எல்லாப் பக்கமும் இப்படித்தானா?"

தனகோடி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"இது காலண்டர் சிவப்பும்மா."

"கேள்வித்தாள்ல காலண்டரா?"

"ரெண்டுக்கும் அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கற ஒரே மிஷின்தான். காலண்டர் முடிஞ்சதும் ரோலரக் கழுவிட்டுக் கறுப்பு மைய ஏத்துவோம். என்னதான் கழுவுனாலும் சிவப்பு லேசுல போகாது. மொதல்ல வர்ற தாளுங்க இப்படித்தான் ரோஸ் அடிக்கும். அதுங்கள ஒதுக்கிடுவோம்."

"அப்ப இது மொத நாள் வேஸ்ட்டு."

"மொத நாள், மொதக் கை. கட்டுல சேராத தாளு. அரைக்கற மிஷினுக்குப் போயிருக்கணும்." அவர் குரல் இறங்கியது. "அத எடுத்துனு போறது பச்சையப்பன்தான்."

கோபி குர்ஷித்தின் காதோரம் குனிந்தான். "அக்கா, ஃபீஸ் வாங்கிட்டு நம்ம கட்சிக்காரருக்கு எதிரா நாமளே சாட்சி தேடற மாதிரி இருக்கே."

"இரு" என்றாள் குர்ஷித். "சார், எப்படி வெளிய போச்சுன்னு சொல்றாங்க?"

"நாலா மடிச்சு, அழுக்குத் துணிக்குள்ள வெச்சு அனுப்பிட்டாருன்னு எழுதியிருக்காங்க."

"மடிச்ச தாளுன்னா கோடு நேரா இருக்கும். இதுல நேர்க்கோடு எங்க? இது கசக்குனது. அதுலயும் பாருங்க, சுருக்கம் எல்லாம் ஒரு மூலைக்கே ஓடுது. சேலைக் கொசுவம் மாதிரி."

கோபி எட்டிப் பார்த்தான். உண்மைதான். பக்கத்தின் நாலாபுறத்திலிருந்தும் சுருக்கங்கள் கிளம்பி ஒரே முனையில் போய் முட்டின. ஒரு ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை வேறு.

"கடலப் பொட்டலம்" என்றான் கோபி. "வெளிய கடலவண்டி நிக்குது. அரைக்காம எடைக்குப் போட்டுட்டாங்க, பொட்டலமா போயிடுச்சு. அவ்ளோதான் கேஸு. சாயங்காலம் வூட்டுக்குப் போலாம்."

"பொட்டலம் சுருட்டறது. இது எதுக்குள்ளயோ திணிச்சது." குர்ஷித் படத்தைப் பைக்குள் வைத்தாள். "மடிச்சு துணியில வெச்சாருன்ற கதை நிக்காது. அது ஒண்ணு நமக்கு லாபம். வேற ஆளு, வேற வழின்னு காட்டிட்டா அவரு தப்பிச்சாரு."

அன்று அச்சகத்துக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகக் கோபிக்கு நம்பிக்கை வந்தது. அவன் விசிலடிக்கப் போனான். தனகோடியின் முகத்தைப் பார்த்து உதட்டை மூடிக்கொண்டான்.

*

வாசல் காவலாளி அஹமது பாஷா மனம் நொந்து போயிருந்தார்.

"ஒரு துண்டு பேப்பர் இந்தக் கதவத் தாண்டிப் போகலம்மா. அல்லா மேல ஆணை. ரசத்தக்கூட கரண்டி விட்டுக் கலக்கித்தான் உள்ள அனுப்புனேன்."

"உள்ள போனத விடுங்க பாய். வெளிய போனது இன்னா?"

"அழுக்குத் துணி. ஒவ்வொண்ணா ஒதறிப் பாத்தேன். டிபன் பாக்ஸு. பிஞ்ச ஷூ. ஒருத்தன் போர்வை, அதுல மூட்டப்பூச்சின்னு திருப்பி அனுப்புனான். போர்வையோட கரையக்கூடப் பிரிச்சுப் பாத்தேன். இதுக்கு மேல இன்னா பண்றது? மூட்டப்பூச்சியப் புடிச்சு விசாரிக்கவா?"

"அது வாயத் தொறக்காது பாய்" என்றான் கோபி. "ரத்தம் குடிச்சவன் எவன் ஒத்துக்கினான்?"

உள் வராந்தாவில் பச்சையப்பன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, காலில் ரப்பர் செருப்போடு. படத்தைக் காட்டியபோது அதைத் தொடவே பயந்தார்.

"வேஸ்ட்டு ஷீட்டுங்க இது. நான்தான் எடுத்துனு போய் அரைச்சேன். எல்லாத்தையும் போட்டேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்மா. தரையில ஒண்ணு இல்லாம பெருக்கிப் போட்டேன். ஒண்ணக்கூட எதுக்கும் நான் எடுக்கல."

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. அது கோபிக்கே தெரிந்தது. குர்ஷித்துக்குத் தெரியாமலா இருக்கும்.

"மூணு மணிக்குள்ள வந்துடறோம்" என்றாள் அவள். "விஜயா உங்ககூட இருக்கட்டும்."

வெளியே வந்ததும் கோபியின் கைபேசி அதிர்ந்தது. அவனுடைய சித்தி மகள் பேசினாள். அவளும் அந்தத் தேர்வுக்குப் படித்தவள். அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்பியது, அவர்களுக்கு யார் அனுப்பியது என்று காலையிலிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டே போயிருந்தாள்.

"அக்கா, மாட்டிக்கிச்சு" என்றான் கோபி. "மொதல்ல போட்டது ஒரு பொண்ணு. பேரு நந்தினி. பத்து பதினஞ்சு பேரு சேர்ந்து படிக்கற சின்ன குரூப்பு. அதுலேர்ந்துதான் ஊரெல்லாம் போயிருக்கு."

"போலீசு அவள இன்னும் புடிக்கலயா?"

"போலீசு சென்னையில பெரிய கோச்சிங் சென்டரத் தேடுது. அவங்களுக்கு வஞ்சிரம் வேணும். நெத்திலிய எவன் பாக்கறான்?"

"எங்க இருக்கா?"

"மாதனூர். ஷூ கம்பெனியில வேல." கோபி ஒரு கணம் நின்றான். "விஜயாக்கா வேல செய்யற அதே கம்பெனி."

குர்ஷித் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பின்னால் போனது. கோபி இரண்டு ஜோக் சொன்னான். இரண்டும் காற்றோடு போயின.

*

சாப்பாட்டு மணி அடித்திருந்தது. கம்பெனி வேலிக்கு வெளியே புங்கமரத்து நிழலில் பெண்கள் கூட்டங்கூட்டமாக டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். நந்தினி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் சோறு, மறு கையில் பொது அறிவுப் புத்தகம். தேர்வே ரத்தான பிறகும் படித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வெப்பாங்கல்ல" என்றாள், கோபி கேட்டதற்கு. "அதுக்குள்ள மறந்துட்டா?"

குர்ஷித் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். படத்தை எடுத்துக் காட்டினாள். நந்தினியின் கை சோற்றிலேயே நின்றது.

"நீ யாரு கிட்டேர்ந்தாவது வாங்குனியாம்மா?"

"இல்லக்கா. கீழ கெடந்துச்சு. சத்தியமா. மாடல் பேப்பர்னுதான் நெனச்சேன். லேசா ரோஸா இருந்துச்சா, ஜெராக்ஸ் கடையில மை சரியில்லன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் குரூப்புல போட்ட?"

"பதினாலாவது கேள்விக்கு எனக்கு ஆன்சர் தெரியல. யாருக்காவது தெரியுமான்னு கேட்டேன்."

கோபி பக்கத்தில் இருந்த மரத்தைப் பார்த்தான். ஊரையே கவிழ்த்த குற்றம், பதினாலாவது கேள்விக்கு விடை தெரியாத ஒரு பெண்.

"யாருக்குத் தெரிஞ்சுது?" என்றான்.

"யாருக்கும் தெரியல. அவங்க வேற குரூப்புல கேட்டாங்க. அவங்க இன்னொரு குரூப்புல."

"தாளு எங்க?" என்றாள் குர்ஷித்.

நந்தினி புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். கம்பெனியில் தோலைச் சமன் செய்யும் சூட்டுப்பெட்டியால் அதைத் தேய்த்திருந்தாளாம், படிக்க வசதியாக. தேய்த்தும் சுருக்கம் போகவில்லை. குர்ஷித் பழுப்புக் கறையை முகர்ந்துவிட்டுக் கோபியிடம் நீட்டினாள். ஆம்பூர்க்காரனுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோல் ஒட்டுகிற சொல்யூஷன்.

"கீழன்னா எங்க?"

"ஃபினிஷிங்ல ஒவ்வொரு டேபிள் கீழயும் ஒரு அட்டப் பெட்டி இருக்கும்க்கா. ஷூ மூக்குல திணிக்கற பேப்பரு, எடுத்த பேப்பரு எல்லாம் அதுலதான் போடுவோம். ஒரு பக்கம் எழுதாத பேப்பர் கெடச்சா நான் எடுத்துப்பேன், கணக்கு போட்டுப் பாக்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் குர்ஷித்தின் விரல்கள் அந்தத் தாளைப் பழைய சுருக்கங்களின் வழியே மெதுவாகக் குவித்தன. அது தானாகவே ஒரு உருவத்துக்கு வந்தது. முன்னால் கூர், மேலே கொஞ்சம் மேடு, அடியில் தட்டை.

ஷூவின் மூக்கு.

கோபிக்குத் தெரியாததா. இந்தப் பக்கத்தில் ஷூவைக் கழற்றி வைத்தால் உள்ளே பேப்பர் திணித்துத்தான் வைப்பார்கள். நனைந்துவிட்டால் கட்டாயம் வைப்பார்கள். இல்லையென்றால் மூக்கு சப்பையாகிவிடும். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி அது. யாரும் யோசித்துச் செய்வதில்லை. செய்ததை நினைவிலும் வைத்துக்கொள்வதில்லை.

துணி. டிபன் பாக்ஸ். பிஞ்ச ஷூ. போர்வை.

"யாரு டேபிள் கீழ எடுத்த?" என்று குர்ஷித் கேட்டாள். கேட்கப் பிடிக்காமல் கேட்டது மாதிரி இருந்தது.

"விஜயகுமாரிக்கா டேபிளு. அவங்க வூட்டுக்காரரு ஷூவ ஒரு நாளு ஒட்ட எடுத்துனு வந்தாங்க. அவருகூட அச்சாபீஸ்லதான..."

நந்தினி பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள். அவள் முகத்தில் அது ஏறுவதைக் கோபி பார்த்தான். டிபன் பாக்ஸின் மூடியை அவள் போட்டு மூடினாள். சரியாக மூடவில்லை. திரும்பவும் மூடினாள்.

"அக்கா, அப்ப அவரு மாட்டிக்கினது..."

"நீ சாப்புடும்மா."

"என்னப் புடிப்பாங்களா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"மத்தவங்க?"

குர்ஷித் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

*

வண்டியருகில் நின்றபடி குர்ஷித் விஜயகுமாரிக்குப் போன் போட்டாள். கோபி காதை நீட்டிக்கொண்டு நின்றான்.

"விஜயா, அவரு உள்ள இருக்கறப்ப ஷூ உன் கிட்ட வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. உள்ள போன அன்னிக்குத்தான அந்தப் புயல் மழ. நனஞ்சு சோல் வாயப் பொளந்துக்கிச்சு. ஒட்டிக் குடுன்னு வாசல்ல குடுத்து அனுப்புனாரு. கம்பெனியில கொண்டுபோய் ஒட்டுனேன். அதான் இப்ப பையில வெச்சிருக்கேன். ஏங்க்கா?"

"உள்ள பேப்பர் இருந்துச்சா?"

"பேப்பர் இல்லாம ஷூ வருமாக்கா?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கப்புறம் போனில் அச்சகத்து மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா" என்றாள் விஜயகுமாரி கடைசியில். "நனஞ்ச ஷூவ சும்மா வெக்காதன்னு நான்தான் சொல்லுவேன். எப்பவும் நான்தான் சொல்லுவேன்."

"தெரியும்மா."

"நான் பிரிச்சுக்கூடப் பாக்கலயே. எடுத்தேன், பெட்டியில போட்டேன். ஒட்டுனதும் வேற பேப்பர் திணிச்சேன்."

"தெரியும். வர்றேன் இரு."

போனை வைத்த பிறகு கோபி நெடுநேரம் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு யோசன. அந்தத் தாளு இப்ப நம்ம கையில. நெருப்புப் பெட்டி என் கிட்ட இருக்கு. நந்தினி வாயத் தொறக்க மாட்டா. பாயும் ஷூவுக்குள்ள பேப்பர் இருந்தத நெனப்புல வெச்சுக்கல. இன்னா சொல்றீங்க?"

"கொளுத்திட்டா?"

"யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா இன்னா எழுதுவாங்க? வேஸ்ட்ட எடுத்துனு போன ஆளு அவரு. வேற வழி தெரியல, அதனால வித்துட்டாருன்னு எழுதுவாங்க. இத மூடுனா அவரு திருடன்டா. ஜெயிலு."

"சொன்னா?"

"சொன்னா கவனக்கொறவு. பூட்டுன எடத்துலேர்ந்து ஒரு தாளு அவரு கையால வெளிய போயிருக்கு. ஜெயிலு இல்ல. வேல போயிடும்."

"ரெண்டுலயும் வேல போகுதே."

"ஆமா."

"அப்ப நாம கண்டுபுடிச்சது எதுக்குக்கா?"

குர்ஷித் அவனைப் பார்த்தாள். தாளைப் பைக்குள் வைத்தாள்.

"வண்டிய எடு" என்றாள்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது விஜயகுமாரி கணவனிடம் சொல்லி முடித்திருந்தாள். எப்படிச் சொன்னாளோ தெரியாது. இருவரும் பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தனகோடி சற்றுத் தள்ளி சுவரைப் பார்த்து நின்றார். வருடத்துக்கு எத்தனை கோடிப் பக்கம் என்று எழுதியிருந்த போர்டு அவருக்கு எதிரில் இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

"ஒண்ணக்கூட எடுக்கலன்னு சொன்னேனேம்மா" என்றார் பச்சையப்பன் குர்ஷித்திடம். "பொய் சொல்லணும்னு சொல்லல. ஷூவுல வெச்சது நெனப்புலயே இல்ல. அத ஒரு தாளாவே நான் நெனைக்கல."

"எனக்குப் புரியுது."

"உள்ள இருக்கறவங்களுக்குப் புரியுமா?"

அவர்கள் சென்னைக்காரர்கள். ஷூவைக் கடையில் வாங்கும்போது உள்ளே இருக்கிற காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள்.

விஜயகுமாரி கையை நீட்டினாள். "அந்தத் தாளக் குடுங்கக்கா. என் டேபிள் கீழ கெடந்துச்சுன்னு நானே குடுக்கறேன். அதுக்கு மேல யாரு எடுத்தாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"எத்தன நாளைக்குக்கா தெரியாம இருக்கும்?" என்றான் கோபி மெல்ல. "நான் ஒரே காலையில கண்டுபுடிச்சேன்."

"எத்தன நாளைக்கோ. அந்தப் பொண்ணு இன்னா பண்ணா தம்பி? படிச்சா. அவ்ளோதான."

குர்ஷித் தாளைக் கொடுத்தாள். விஜயகுமாரி அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்தவளாகக் காலடியில் இருந்த பையை எடுத்துக் கணவன் பக்கம் தள்ளினாள்.

"ஷூவப் போட்டுக்குங்க. கூப்புடப் போறாங்க."

பச்சையப்பன் ஷூவை வெளியே எடுத்தார். சோல் நன்றாக ஒட்டியிருந்தது. ஒட்டிய இடமே தெரியாதபடி பாலிஷ் போட்டிருந்தாள். அவர் ரப்பர் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஓரமாக வைத்துவிட்டு, வலது ஷூவுக்குள் காலை நுழைத்தார். கால் பாதியில் முட்டி நின்றது.



அவர் காலை வெளியே எடுத்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு, மூக்கிலிருந்து ஒரு காகித உருண்டையை உருவினார். போன வருடத்து அரசு காலண்டரின் தாள். இந்த அச்சகத்தில் இவர்கள் அடித்தது. கசங்கிய மடிப்புகளுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பாகத் தெரிந்தது. இடது ஷூவிலிருந்து இன்னொரு உருண்டை வந்தது.

விஜயகுமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பச்சையப்பன் ஷூவை மாட்டி, லேஸைக் கட்டி, எழுந்து நின்றார். இரண்டு உருண்டைகளும் கையில் இருந்தன. வராந்தாவின் மூலையில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அதை நோக்கி இரண்டு அடி போனார். நின்றுவிட்டார். சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். அங்கேயும் வைக்கவில்லை.

"பச்சையப்பன் யாருப்பா? உள்ள வரச் சொன்னாங்க" என்றான் ப்யூன்.

கோபி முன்னால் போய்க் கையை நீட்டினான். "என் கிட்ட குடுங்கண்ணே. நான் போட்டுடறேன்."

ஏதாவது ஒரு வார்த்தை, சின்னதாக ஒன்று, அந்த மனிதனைக் கதவுவரை கொண்டுபோய் விடுகிற மாதிரி சொல்லிவிடலாம் என்று அவன் நாக்கு தேடியது. கிடைக்கவில்லை.

பச்சையப்பன் அவனுடைய நீட்டிய கையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. கணக்குக் கேப்பாங்க."

இரண்டு உருண்டைகளையும் இரண்டு கைகளில் பொத்திக்கொண்டு, புதுசு மாதிரி சத்தம் போடுகிற ஷூவோடு, அவர் உள்ளே போனார்.